ஊர்வலத்தில் வராத மாட்டு வியாபாரி

1

எங்கள் மாவட்டம் போன மாதம் இல்லாமல் போனது. போர் வந்து அழிக்கவில்லை, வெள்ளம் கொண்டுபோகவில்லை. மாநிலச் சட்டசபையில் ஓட்டெடுத்து, மேற்கே இருக்கும் பெரிய மாவட்டத்தோடு இதைச் சேர்த்துவிட்டார்கள். பால் பரிசோதனைக்காக நான் காலையில் மொபெட்டில் போகும்போது, ஆற்றுப் பாலத்தருகே இரண்டு வேலையாட்கள் ஏணி போட்டு எல்லைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பலகை கீழே வந்ததும் அதன் பின்பக்கம் குருவிக்கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பக்கத்து வேலிமேல் வைத்துவிட்டுப் பலகையை லாரியில் போட்டார்கள். அவ்வளவுதான் சடங்கு.

திருச்சியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில், ரைன் நதிக்கு மேற்கே உள்ள மலைநாட்டில். மாவட்டத்தின் பெயர் லிண்டன்பாக். மாவட்டம் என்றதும் நம் திருச்சி ஜில்லாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். குளித்தலைத் தாலுகாவில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்கென்று ஒரு கலெக்டர் உண்டு, லாண்ட்ராட் என்பார்கள். ஓர் ஆஸ்பத்திரி உண்டு, ஒரு மாட்டுச்சந்தை உண்டு, கார்களின் நம்பர் பலகையில் தனி எழுத்துக்கூட உண்டு.

ஒரு காலத்தில் இந்த மலைப்பக்கம் முழுக்கக் குட்டிப் பிரபுக்கள். ஒருவருடைய கிராமத்தைத் தாண்டினால் அடுத்தவருடைய சுங்கச்சாவடி. எங்கள் மருங்காபுரி ஜமீனும் சுற்றியிருந்த ஜமீன்களும் இருந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெப்போலியனின் படை வந்து அந்தப் பிரபுக்களைத் துரத்தியது. நெப்போலியன் தோற்றதும் பிரஷ்ய ராஜா வந்து நாட்டைக் கோடு போட்டு மாவட்டங்களாகப் பிரித்தார். அப்போது பிறந்ததுதான் லிண்டன்பாக். பிறகு ராஜா போனார், குடியரசு வந்தது. ஹிட்லர் வந்தார், போர் வந்தது, பிரெஞ்சுப் படை வந்து உட்கார்ந்தது. அத்தனைக்கும் மிஞ்சி நின்ற மாவட்டம், அமைதியான ஒரு கோடைகாலத்தில், நிர்வாகச் செலவு அதிகம் என்ற காரணத்துக்காகப் போய்விட்டது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஜமீன் ஒழிப்பு வந்தபோது என் அப்பா அரண்மனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யார் ஆண்டா என்னடா, வானம் பாத்த பூமிக்கு மழைதான் ராஜா," என்றார். லிண்டன்பாக் போனதற்கும் இங்குள்ள விவசாயிகள் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் என்னால் அப்படித் தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியவில்லை. இந்த மாவட்டத்தின் சரித்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னால் அதன் நூற்றைம்பதாவது ஆண்டு விழா ஊர்வலத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

2

என் பெயர் பொன்னுசாமி. இங்கே எல்லோரும் என்னை 'ஹெர் சாமி' என்பார்கள். ஹெர் என்றால் திருவாளர். திருவாளர் கடவுள் என்று அழைக்கப்படுகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மருங்காபுரியில் எங்களுக்குக் கடலையும் சோளமும் விளையும் காடு. மழை பொய்த்தால் மாடுதான் சோறு போடும். அப்பா மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். அங்கே விலை பேசுவதை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். வாயைத் திறந்தாலும் வெளியாளுக்குப் புரியாத தனி எண்கள் தரகர்களுக்கு உண்டு. சந்தை என்றால் அதற்கென்று ஒரு பாஷை இருக்கும் என்று எனக்கு அப்போதே பதிந்துவிட்டது.

படிப்பு முடிந்து திருச்சியில் ஒரு பால் சங்கத்தில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்க்கவேண்டும். அடையவளஞ்சான் தெருவில் மாடு வைத்திருந்த ஒருவருடைய பாலில் தண்ணீர் இருப்பதாக ஒருநாள் எழுதிவிட்டேன். அவருடைய மகள் வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி எங்க மாட்டுல இல்லைங்க, உங்க கண்ணாடிக் குழாயிலதான் இருக்கு. நேத்து ராத்திரி மாடு கன்னு போட்டுடுச்சு. சீம்பாலுக்கும் நாள்பட்ட பாலுக்கும் ஒரே கணக்கு போடுவீங்களா?"

"அப்ப சீம்பால சங்கத்துக்கு ஊத்தலாமாங்க?" என்றேன்.

"ஊத்தல. ராத்திரி பூரா அந்த மாட்டோட முழிச்சிருந்ததுல மத்த மாடுங்கள நேரத்துக்குக் கறக்கல, அளவு கொறஞ்சிருக்குன்னு சொல்ல வந்தேன். நீங்க தண்ணின்னு எழுதறீங்க. வந்து மாட்ட பாருங்க."

போய்ப் பார்த்தேன். மாடு கன்று போட்டிருந்தது நிஜம். பாலில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததும் நிஜம். இரண்டையும் ஒப்புக்கொண்டு சிரித்தாள். அவள்தான் ரெங்கநாயகி, என் மனைவி.

சங்கத்தைப் பார்க்க வந்த ஒரு ஜெர்மன் நிபுணர் மூலமாக எனக்குப் பால்பண்ணைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஐம்பதுகளின் நடுவில் கப்பல் ஏறினேன். பயிற்சி முடிந்ததும் லிண்டன்பாக் மாடு வளர்ப்போர் சங்கத்தில் வேலை கொடுத்தார்கள். பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து, கொழுப்பைச் சோதிக்கும் வேலை. ரெங்கநாயகி பிறகு வந்துசேர்ந்தாள். எங்கள் மகள் மீனா இங்கேதான் பிறந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் ஜெர்மனில்தான் வரும். கடைக்குப் போனால் என் கையை விட்டுவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். ஜெர்மனில் மேசை ஆண், கதவு பெண், நாற்காலி மறுபடி ஆண், குழந்தை இரண்டும் இல்லை. இதில் நான் தடுக்கி விழும்போதெல்லாம் அவள் காது சிவக்கும்.

3

வேலைக்கு வந்த முதல் வருடங்களில் நான் விரும்பிப் போன இடம் லிண்டன்பாக் மாட்டுச்சந்தை. இங்கே துண்டு கிடையாது. கையில் கை அடித்துப் பேரம் பேசுவார்கள். கொன்ராட் என்று ஒரு விவசாயி, என் பரிசோதனைப் பட்டியலில் முதல் வீட்டுக்காரர், பேரம் பேசும்போது மட்டும் வேறு மாதிரி எண்ணுவார். ஓலஃப், பேஸ், கிம்மல், டோலத். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வயதான விவசாயிகள் எல்லோரும் அப்படியே எண்ணினார்கள். இந்த மலைநாட்டு வட்டார வழக்கு போலிருக்கிறது என்று நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஊரோடு ஒட்டிவிட்ட பெருமை எனக்கு.

இங்கே தங்குவதற்கான அனுமதியை லாண்ட்ராட் அலுவலகத்தில்தான் புதுப்பிக்கவேண்டும். அங்கே அந்த வேலையைப் பார்த்தவர் ஹெர் வேபர். ஒல்லியான மனிதர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை வருஷத்துக்கு நீட்டிப்பு கேக்கறீங்க?" என்றார்.

சிரிக்கவைக்கலாம் என்று நினைத்து, "கிம்மல்," என்றேன்.

அவர் பேனா நின்றது. பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாளும் நிறுத்திவிட்டார்.

"இந்த வார்த்தைய எங்க கத்துக்கிட்டீங்க?"

"சந்தையில. இது இந்த ஊர்ப் பேச்சுதானே?"

"இல்ல. இந்த ஆபீசுல அத சொல்லாதீங்க," என்றார் வேபர். குரலில் கோபம் இல்லை. ஜன்னலைச் சாத்துவது மாதிரி ஒரு குரல்.

அன்று சாயங்காலம் கறவைக்குக் கொன்ராட் வீட்டுத் தொழுவத்துக்குப் போனபோது நேராகவே கேட்டேன். அவருக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி இல்லை. அவர் பேசியதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அது வியாபாரிங்க பாஷை," என்றார் மாட்டின் விலாவில் தலையைச் சாய்த்தபடி.

"எந்த வியாபாரிங்க?"

"மோரிட்ஸ் காட்ஸ். அவன் அப்பன். அவனோட அண்ணன் தம்பிங்க. இந்தச் சந்தைய நடத்தினதே அவங்கதான். யூதருங்க. ஓலஃப், பேஸ்னா அவங்க வேத பாஷையோட எழுத்துங்க. என் அப்பனுக்குக் கடன்ல முதல் மாடு குடுத்தது மோரிட்ஸோட அப்பன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

கொன்ராட் கறப்பதை நிறுத்தவில்லை.

"ஹிட்லர் காலத்துல அவங்ககிட்ட மாடு வாங்கக் கூடாதுன்னாங்க. கொஞ்ச நாள் பின்வாசல் வழியா போனோம். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. மோரிட்ஸோட கடைசி மாட்ட நான்தான் வாங்கினேன். நியாயமான விலை குடுத்தேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். போர் சமயத்துல ஒருநாள் அவனையும் பொண்டாட்டியையும் பையனையும் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. பகல்ல. எல்லாரும் பாத்தோம். திரும்பி வரல."

எழுந்து வாளியை என்னிடம் நீட்டினார். "அளந்து எழுதிக்கோங்க," என்றார்.

4

அந்த வருடம்தான் மாவட்டத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா. பெரிய ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொரு கிராமமும் சரித்திரத்தில் ஒரு காட்சியை வண்டியில் கொண்டுவரவேண்டும். பிரபுக்கள், நெப்போலியனின் சிப்பாய்கள், முதல் பிரஷ்ய லாண்ட்ராட், முதல் ரயில், கிழக்கிலிருந்து கைவண்டியோடு வந்த அகதிகள் என்று வரிசை. விழாக் குழுவின் செயலாளர் ஹெர் வேபர். மாட்டுச்சந்தைக் காட்சி எங்கள் சங்கத்தின் பொறுப்பு. கொன்ராட் தன் மாட்டோடு நடப்பார், உதவிக்கு நான். முதலில் என்னைத் தலைப்பாகையோடு மகாராஜாவாக யானைப் பொம்மைமேல் உட்காரவைக்க ஒரு யோசனை இருந்தது. எங்கள் ஊர் ஜமீனையே ஒழித்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பித்தேன்.

காட்சியின் எழுத்து வடிவத்தை எங்களிடம் படித்துக் காட்டினார்கள். சந்தை எப்போது தொடங்கியது, எத்தனை கிராமங்கள் வந்தன, விவசாயிகளின் உழைப்பு. வியாபாரிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓலஃபும் பேஸும் வானத்திலிருந்து விழுந்தது மாதிரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்ணையிலும் பாலை அளந்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்டேன். "உங்க வீட்டுக்கு முதல் மாடு யார்கிட்ட வாங்கினீங்க?" சிலர் தெரியாது என்றார்கள். ஒரு வீட்டில் அடுத்த முறை காபி கிடைக்கவில்லை. ஆனால் பாதி வீடுகளுக்கு மேல், சமையலறையில் யாராவது ஒரு பெண், கணவன் வெளியே போகும்வரை காத்திருந்து, அந்தப் பெயரைச் சொன்னாள். மோரிட்ஸின் மனைவி பெயர் ஸெல்மா, நன்றாகப் பாடுவாள். மகன் எரிக், எங்களோடு படித்தான், பல்லில் இடைவெளி இருக்கும் என்றாள் இன்னொருத்தி. இப்படித் துண்டு துண்டாக அந்தக் குடும்பம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

வீட்டில் ரெங்கநாயகியிடம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மனசாட்சியே கிடையாதா என்று கேட்டபோது அவள் உருளைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். மணப்பாறையில உங்கப்பாவுக்கு மாடு பல்லுப் பாத்துச் சொன்னவரு, லாடம் அடிக்கப் பிடிச்சவரு, செத்தா தூக்கிட்டுப் போனவரு, அவரு பேரு என்ன?"

"சின்னான்."

"அவரு அப்பா பேரு?"

தெரியாது. அவர் வீடு எந்தப் பக்கம் என்று தெரியும், உள்ளே போனதில்லை.

"நம்ம ஊர்ல ஊர்வலம் விட்டா அவர எந்த வண்டியில ஏத்துவாங்க? அதனால அவங்கள ரொம்ப ஏசாதீங்க," என்றாள். அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "அதுக்காக விட்டுடச் சொல்லல. இங்க கேக்க முடியுதுன்னா இங்க கேளுங்க. அங்க போனா அங்கயும் கேளுங்க."

மறுநாள் லாண்ட்ராட் அலுவலகம் போனேன். என் அனுமதி விண்ணப்பம் அப்போதும் வேபரின் மேசையில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"சந்தைக் காட்சியில மோரிட்ஸ் காட்ஸ் பேரச் சேக்கணும்," என்றேன்.

"இது கொண்டாட்டம், ஹெர் சாமி. நினைவஞ்சலி இல்ல."

"அகதிங்க வண்டி கொண்டாட்டமா?"

அவர் முகம் மாறியது. வேபரும் அகதிதான் என்று எனக்குத் தெரியும். ஜெர்மனியின் கிழக்கு ஓரமாக இருந்த சிலேசியாவில் அவர் பிறந்த மாவட்டம் போருக்குப் பிறகு போலந்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து அம்மாவைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர். ஊர்வலத்துக்குத் தயாரான அகதிகள் வண்டியின் முகப்பில் அவர் மாவட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. வருடா வருடம் அந்த ஊர்க்காரர்கள் கூடி, தெருப் பெயர்களைக்கூட மறக்காமல் சொல்லிக்கொள்வார்கள்.

"உங்க ஊரு போயிடுச்சு. ஆனா பேரு பலகையில இருக்கு," என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னேன். "மோரிட்ஸோட ஊரு எங்கயும் போகல. இதோ, ஜன்னலுக்கு வெளிய இருக்கு. அவரோட பேருதான் இல்ல."

வேபர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "நீங்க இந்த நாட்டு விருந்தாளி," என்றார்.

"வரி கட்டற விருந்தாளி," என்றேன்.

"எழுத்து வடிவத்தக் குழு ஏற்கெனவே ஒத்துக்கிட்டாச்சு. மாத்த முடியாது. போயிட்டு வாங்க."

வெளியே வந்து மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அனுமதி கிடைக்காவிட்டால் ரெங்கநாயகியையும் மீனாவையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறவேண்டியதுதான். மீனாவுக்கு அது சொந்த ஊருக்குப் போவது ஆகாது. பிறந்த ஊரை விட்டுப் போவதாகத்தான் இருக்கும். ஒரு கணம், பேசாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாமா என்று நினைத்தேன். கொன்ராட் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க விட்டுடுங்க. உங்களுக்குக் குடும்பம் இருக்கு," என்றார். தொழுவத்துக் கதவைச் சாத்தியபடி, "எனக்கு மாடு மட்டும்தான் இருக்கு," என்றார்.

5

விழா அன்று வெயில் நன்றாக அடித்தது. ஊரெல்லாம் கொடி. சந்தைத் திடலில் மேடை போட்டு லாண்ட்ராட்டும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ஒலிபெருக்கியோடு ஹெர் வேபர். ஒவ்வொரு காட்சியும் மேடையைக் கடக்கும்போது அதன் விளக்கத்தை வாசிப்பார். மீனா தன் வகுப்போடு பின்னல் போட்டு, பூ வைத்து, முதல் வரிசையில் நின்றாள். காலையில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "அப்பா, ப்ளீஸ், இன்னிக்கு மட்டும் ஜெர்மன் பேசாதீங்க."

பிரபுக்கள் போனார்கள், நெப்போலியன் போனார். எங்கள் முறை வந்தது. கொன்ராட் கறுப்புக் கோட்டில், கயிற்றைப் பிடித்து முன்னால். நான் மாட்டின் மறுபக்கம். வேபர் வாசித்தார். சந்தை தொடங்கிய கதை, வந்த கிராமங்கள், விவசாயிகளின் உழைப்பு. கை தட்டினார்கள்.

கொன்ராட் மேடைக்கு நேராக நின்றார். மாடும் நின்றது. பின்னால் வந்த பாண்டு வாத்தியக்காரர்கள் எங்கள்மேல் மோதாமல் நிற்க, அவர்களுக்குப் பின்னால் முதல் லாண்ட்ராட்டின் குதிரை வண்டி நிற்க, தெரு முழுக்க ஊர்வலம் அடைத்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதி முனையில் சிக்கிக்கொண்டால் ஒரு மௌனம் வருமே, அப்படி ஒன்று.

"பேர வாசிங்க," என்றார் கொன்ராட்.

"நகருங்க, ஹெர் கொன்ராட்," என்றார் வேபர் ஒலிபெருக்கியில்.

"வியாபாரி பேர வாசிங்க. நகர்றேன்."

கூட்டத்தில் யாரோ, "குடிச்சிருக்கான், இழுத்துத் தள்ளுங்க," என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். கொன்ராட்டின் கழுத்து சிவந்துவிட்டது. அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை. மேடையில் இருந்தவர்கள் வேபரைப் பார்த்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் இருந்தது. ஆனாலும் அந்தக் கிழவரை அங்கே தனியாக நிற்கவிட்டு, நாளைக்கு அவர் வீட்டுப் பாலை எப்படிப் போய் அளப்பேன்?

"மோரிட்ஸ் காட்ஸ்!" என்று கத்தினேன். "இந்தச் சந்தையில மாடு வித்தவர். உங்க எல்லார் வீட்டுக்கும் மாடு குடுத்தவர். இந்த ஊர்க்காரர்."

சத்தம் அடங்கியது. போலீஸ்காரர்கள் நின்றார்கள். கூட்டத்தின் இடதுபக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், நடுக்கத்தோடு, "ஸெல்மா," என்றது. நான் மாதாமாதம் போகும் வீடு ஒன்றின் அம்மாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் இழுபடவில்லை. வேறொரு பக்கத்திலிருந்து ஒரு நடுவயது ஆள், "எரிக். என் பெஞ்சுல உக்காந்தவன்," என்றார். "போதும் நிறுத்துங்க!" என்று பல குரல்கள் எழுந்தன. சிலர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நான் வேபரைப் பார்த்தேன். கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். லாண்ட்ராட் அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். வேபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுவந்து, அலுவலகத்தில் பேசும் அதே உலர்ந்த குரலில் சொன்னார்:

"மாட்டுச்சந்தை. வியாபாரி மோரிட்ஸ் காட்ஸ், மனைவி ஸெல்மா, மகன் எரிக். இந்த ஊரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பவில்லை." கொஞ்சம் நிறுத்தி, "ஊர்வலம் தொடரட்டும்," என்றார்.

கொன்ராட் தொப்பியைக் கழற்றினார். மாட்டைத் தட்டினார். நடந்தோம். யாரும் கை தட்டவில்லை. பின்னால் பாண்டு வாத்தியம் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மீனா ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். "அப்பா, நீங்க பேசினதுல ரெண்டு இலக்கணத் தப்பு," என்றாள். அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்.

"தெரியும்மா."

"ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு," என்றாள்.

6

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. விழா மலர் அச்சாகி வந்தபோது அதில் பழைய எழுத்து வடிவமே இருந்தது. சில பண்ணைகளில் வேறு பரிசோதகரை அனுப்பச் சொன்னார்கள். சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பாலை மட்டும் பார்க்கும்படி சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுக் கேள்வியைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக் கதவில் தார் பூசிவிட்டார்கள். ரெங்கநாயகி காலையில் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். "ஸ்ரீரங்கத்துல மாட்டுத் தொழுவம் கழுவினவ நான். இது எனக்கு ஒரு வேலையா?" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒன்றும் பேசாமல் வாளியோடு வந்து கூடவே தேய்த்தாள்.

என் அனுமதி வந்தது. மூன்று வருடம் கேட்டேன், ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். கையெழுத்து வேபருடையது. இதைக்கூட அவர் எவ்வளவு சண்டை போட்டு வாங்கினார் என்று தட்டச்சு செய்யும் அம்மாள் பிற்பாடு சொன்னார். அதற்கடுத்த வருடம் வேபருக்குக் கிடைக்கவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. தெருவில் பார்த்தால் இருவரும் தொப்பியைத் தொட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் நட்பு. போன குளிர்காலத்தில் கொன்ராட் காலமானார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் இருந்தேன்.

இப்போது மாவட்டம் போய்விட்டது. பழைய தாள்களை எல்லாம் லாரியில் ஏற்றிப் பெரிய ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லிண்டன்பாக் மாவட்டத்தின் சரித்திரம் என்று இனி யாராவது எழுதினால் அந்தத் தாள்களில் இருப்பதை வைத்துத்தான் எழுதுவார்கள். அதனால்தான் இதை, படிக்க யாருக்கும் இங்கே தெரியாத தமிழிலாவது, நான் எழுதி வைக்கிறேன். ஜெர்மனிலும் எழுதுவேன். இலக்கணத்தை மீனா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு மாவட்டத்து மாட்டுச் சங்கங்களும் ஒன்றானதில் எனக்கு ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்துவிட்டன. நேற்று முதல்முறையாக அங்கே போனேன். ஒரு முகமும் தெரியாது. முதல் பண்ணையில், ஒரு வயதான அம்மாள் ஏப்ரனில் கை துடைத்தபடி தொழுவத்து வாசலில் நின்றாள். நான் என் பெயரைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"லிண்டன்பாக்ல ஊர்வலத்த நிறுத்தினது நீங்கதானா?"

இங்கேயும் கதவு சாத்தப்படும் என்று நினைத்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஆமாம்," என்றேன்.

அவள் தொழுவத்தைத் தாண்டி, வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"மாடு அப்புறம் பாத்துக்கலாம். உள்ள வந்து உக்காருங்க. எங்க ஊர்லயும் ஒரு குடும்பம் இருந்துச்சு."